ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார முடியவில்லை

கேள்வி:

எனக்கு வயது 42. திருச்சியில் ஒரு பொதுத்துறை வங்கியில் ஸ்கேல் டூ (இரண்டாம் நிலை) அதிகாரி. கணவர் தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. காலை 4.15-க்கு எழுந்து டிபன், மதியத்துக்குக் குழம்பு, இரண்டு காய் எல்லாம் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். இரவு படுக்க 11.45 ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் படுத்திருப்பார்கள். எனக்கு மட்டும் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் நெஞ்சுக்குள் பரபரப்பு வந்துவிடும். எழுந்து ஃபேன் துடைப்பேன், ஃபிரிட்ஜைக் காலி செய்து கழுவுவேன்.

ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் துறைத் தேர்வுகள் இரண்டும் முடித்தேன். ஸ்கேல் டூ வந்தபோது சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மூன்றாம் நாளே அடுத்த பதவியான ஸ்கேல் த்ரீக்கு என்ன படிப்பது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது அதற்கு விருப்பம் தெரிவிக்கும் நேரம் வரப்போகிறது. கிடைத்தால் வேறு ஊருக்கு மாற்றல் நிச்சயம்.

தாடை வலிக்குப் பல் டாக்டரிடம் போனேன். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். பிபி, சுகர் சரியாக இருக்கின்றன. மன அமைதிக்கு ஆன்லைன் யோகா வகுப்பில் சேர்ந்தேன். நான்கு நாள் விட்டுப்போனதும் வெறுத்துப்போய் நிறுத்திவிட்டேன். சின்ன வயதில் சும்மா உட்கார்ந்தால் "வேலை ஒண்ணும் இல்லையா?" என்று அம்மா கேட்பார். அந்தக் குரல் இன்னும் காதில் விழுகிறது. ஓட்டத்தைக் குறைக்க ஆசைதான். குறைத்தால் சோம்பேறியாகி, எல்லாம் கைமீறிப் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. என்ன செய்ய?

மருத்துவ உளவியலாளர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சோம்பேறியாகிவிட மாட்டீர்கள். இருபது வருடத்துக்கு மேல் ஊறிய வேலைப் பழக்கம் நாலு வாரத்தில் கலைந்துபோகாது. இந்தப் பயம் உள்ளவர்கள் ஓட்டத்தைக் குறைக்க இறங்கினால், நினைத்ததில் கால்வாசியைக்கூடக் குறைக்க முடியாமல் திணறுவதுதான் வழக்கம். அதனால் அந்தப் பக்கம் காவல் போட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

ஸ்கேல் டூ கிடைத்த மூன்றாம் நாள் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2002-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ராஸ் ஷாஃப்ரன், ஜாஃப்ரா கூப்பர், கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் ஆகிய மூன்று மனநல ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தன் மதிப்பையே சாதனையின் மேல் கட்டிவைத்திருப்பவர்களுக்கு எதனால் நிறைவு கிட்டுவதில்லை என்று அதில் விளக்கினார்கள். இலக்கை அடைய முடியாவிட்டால், "நான் லாயக்கில்லை" என்று தன்னையே திட்டிக்கொள்வார்கள். அடைந்துவிட்டாலோ, "எனக்கே கிடைத்துவிட்டதென்றால் அது அவ்வளவு பெரிய விஷயமாக இருக்காது" என்று இலக்கை உயர்த்திவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் தோல்விக் கணக்குதான் ஏறும். ஸ்கேல் த்ரீ வந்தாலும் மூன்றாம் நாள் இதேதான் நடக்கும். பதவியில் கோளாறு இல்லை. கணக்கு எழுதும் முறையில்தான் இருக்கிறது.

அடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பரபரப்பு. சும்மா உட்கார்ந்தால் உடம்புக்குள் ஓர் அவஸ்தை வருகிறது. எழுந்து ஃபேனைத் துடைத்ததும் அது சட்டென்று தணிகிறது. அந்தத் தணிவை மூளை நன்றாகக் குறித்துக்கொள்ளும்: "உட்கார்ந்தால் ஆபத்து, துடைத்தால் தப்பிக்கலாம்." அடுத்த ஞாயிறு இன்னும் சீக்கிரம் எழுப்பிவிடும். ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் பழக்கம் ஒரு சுற்று இறுகுகிறது. அம்மாவின் குரல் இதற்கு விதை போட்டிருக்கலாம். இவ்வளவு வருடமாகத் தண்ணீர் ஊற்றுவது அந்த எழுந்திருத்தல்தான். ஆகவே அம்மாவைப் பற்றி நிறைய யோசித்து நேரம் செலவிட வேண்டாம். எழுந்திருக்கும் அந்தக் கணத்தில் வேலை செய்தால் போதும்.

ஓய்வெடுக்கப் போனால் பதற்றம் கூடுவது உங்களுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. ஹைடி, போர்கோவெக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1983-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்தபோது, சிலருக்குப் பயிற்சியின் நடுவிலேயே பதற்றம் ஏறியது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைவிட, மனதை ஒன்றில் நிறுத்தும் தியான வகையில் அது கூடுதலாக இருந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள் என்றால் உங்களைப் போன்றவர்களுக்கு அது எதனால் கசக்கிறது என்பது இப்போது புரியும். உங்களுக்குத் தியானத்திலிருந்து தொடங்கும்படி நான் சொல்லமாட்டேன். உடம்பிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கும் முன்னால் தூக்கம்.

11.45-லிருந்து 4.15 வரை நாலரை மணி நேரம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். அதற்கு இரண்டரை மணி நேரம் குறைவாகத் தூங்கும் மூளைக்குச் சின்ன வேலைகூட அவசரமாகத் தெரியும், சின்னப் பிழைகூடப் பெரிதாகத் தெரியும். இதைச் சரிசெய்யாமல் மற்றதெல்லாம் செய்தால் பாதிப் பலன்தான். ஒரே நாளில் மாற்றாதீர்கள். பத்து மணிக்கே படுத்துவிட்டு ஒரு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், "எனக்கு இது ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். நான்கு நாளுக்கு ஒரு முறை, படுப்பதைப் பதினைந்து நிமிடம் முன்னால் தள்ளுங்கள், எழுவதைப் பதினைந்து நிமிடம் பின்னால் தள்ளுங்கள். பதினாறு நாளில் எழும் நேரம் 5.15-க்கு வந்துவிடும், அங்கே நிறுத்திவிடுங்கள். படுக்கும் நேரத்தை 10.15 வரை கொண்டுவர இருபத்துநான்கு நாள் ஆகும். ஞாயிறும் அதே நேரம்தான்.

மாலை காபியை மதியம் இரண்டரை மணிக்கு முன்னால் கொண்டுவாருங்கள். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து இறங்கவே சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். ஐந்தரை மணிக் காபியில் பாதி பத்தரை மணிக்கும் ரத்தத்தில் இருக்கும்.

படுக்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு தாளில் நாளைக்கும் அடுத்த சில நாட்களுக்கும் செய்ய வேண்டியவற்றை எழுதுங்கள். அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லின் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி எழுதியவர்கள் அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். "லோன் ஃபைல்" என்று எழுதாமல் "காலை 10.30-க்கு முன் அந்த வீட்டுக் கடன் ஃபைலில் மதிப்பீட்டு அறிக்கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று எழுதுங்கள். செல்போனில் எழுத வேண்டாம். வாட்ஸ்அப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். தாளை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து படுங்கள்.

இனி உட்காரும் பயிற்சி. இதுதான் மையம், இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வங்கியிலிருந்து வந்து, கை கால் கழுவி, அடுப்படிக்குள் நுழைவதற்கு முன்னால் பத்து நிமிடம். ஒரே நாற்காலி, ஒரே நேரம். செல்போன் வேறு அறையில். டைமர் தேவைப்பட்டால் சமையலறை டைமரோ அலாரம் கடிகாரமோ போதும். கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். ஜன்னலைப் பார்க்கலாம், சுவரைப் பார்க்கலாம். மூச்சை எண்ண வேண்டாம், மந்திரம் வேண்டாம், நல்லதாக ஏதாவது நினைக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். உட்காரும்போது, ஐந்தாவது நிமிடம், முடியும்போது என்று மூன்று முறை அந்த அவஸ்தைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுத்து எழுதுங்கள். விதி ஒன்றே ஒன்று: அவஸ்தை உச்சத்தில் இருக்கும்போது எழுந்திருக்கக் கூடாது. மணி அடித்தபின் எழுந்திருங்கள்.

முதல் சில நாட்கள் எண் ஏறத்தான் செய்யும். நான்கில் தொடங்கி ஏழுக்குப் போகலாம். பயிற்சி தப்பாகப் போகிறது என்று நினைத்து நிறுத்துவது இந்த இடத்தில்தான். நிறுத்தாதீர்கள். எண்ணைக் குறைப்பதற்காக நாம் உட்காரவில்லை. ஏழு இருந்தாலும் உட்கார்ந்திருக்க முடிகிறது, வீடு இடிந்து விழவில்லை என்பதை உடம்பு தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான். எண் குறைவது பின்னால் தானாக வரும். தொடர்ந்து மூன்று நாள் நான்குக்குக் கீழே முடிந்தால் பதினைந்து நிமிடமாக்குங்கள், அப்புறம் இருபது. முப்பதுக்கு மேல் போக வேண்டாம். போனால் உங்கள் கையில் இதுவும் ஒரு போட்டியாகிவிடும்.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு. உட்கார்ந்தபடியே மறுநாள் சமையலைத் திட்டமிடுவது ஒன்று. உடம்பு நாற்காலியில் இருந்தாலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. கவனித்ததும், "திட்டம் போடுகிறேன்" என்று மனசுக்குள் சொல்லிவிட்டு மறுபடி ஜன்னலைப் பாருங்கள். நூறு தடவை ஓடினாலும் நூறு தடவை திரும்புங்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. பட்டாணி உரித்துக்கொண்டே உட்காருவது இன்னொன்று. மடியில் முறம் வரக் கூடாது. எண்களை அழகான அட்டவணையாக்கி வண்ணப் பேனாவால் நிரப்பத் தோன்றலாம். பழைய காலண்டர் தாளின் பின்புறம் போதும். நாலு வாரம் கழித்து அதைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

தாடை விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். சவைக்கும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. உதடு மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, நாக்கு மேல் முன்பற்களுக்குப் பின்னால் லேசாக ஒட்டியிருக்க வேண்டும். வங்கியில் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு கேட்கும் ஒவ்வொரு முறையும் தாடையைக் கவனியுங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை இறுக்கிக் கடித்தபடி இருந்தீர்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

இரவு படுத்தபடி, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களில் உருவாக்கிய தசைத் தளர்வுப் பயிற்சியின் சுருக்க வடிவத்தைச் செய்யுங்கள். வலது கையை முஷ்டியாக மூடி ஐந்து விநாடி இறுக்குங்கள். சட்டென்று விட்டு, இருபது முப்பது விநாடி அந்தக் கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அப்படியே இடது கை, தோள்பட்டையைக் காது வரை தூக்குவது, வயிறு, தொடை, பாதம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முழு பலத்தோடு இறுக்க வேண்டாம், பாதி பலம் போதும். உங்களுக்கு வலி இருப்பதால் தாடையை மட்டும் இறுக்காமல், சும்மா தொங்கவிடுங்கள். பல் டாக்டர் இரவில் மாட்டிக்கொள்ளக் கவசம் தந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பல் தேயாமல் காக்க அது வேண்டும். கடிப்பதை அது முழுதாக நிறுத்திவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டு வாரம் போனதும், தரத்தைக் குறைக்கும் பரிசோதனை. எங்கே குறைப்பது என்பதில் கவனம் வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட கையெழுத்து, கடன் ஆவணங்கள், கே.ஒய்.சி. சரிபார்ப்பு, வவுச்சர், மகளின் தேர்வுக் கட்டணத் தேதி, யாருக்காவது கொடுக்கும் மாத்திரை ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அவற்றில் உங்கள் கண்டிப்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கண்டிப்பையே மூன்று முறை திருத்தி எழுதும் மின்னஞ்சலுக்கும், அலமாரியில் புடவை மடிக்கும் மடிப்புக்கும், இரண்டாவது காய்க்கும் காட்டுவதால்தான் நாள் போதாமல் போகிறது.

ஒரு வாரத்துக்கு ஒரு விஷயம் மட்டும் எடுங்கள். உதாரணமாக மதியச் சாப்பாடு. திங்கள் முதல் வெள்ளி வரை குழம்பும் இரண்டு காயும் போய், ஒரு கலந்த சாதமும் ஒரு வறுவலும். தொடங்கும் முன் தாளில் எழுதுங்கள்: "மகன் பாதியை மிச்சம் வைத்துக் கொண்டுவருவான், 80 சதவீதம் நிச்சயம். கணவர் ஏதாவது சொல்வார், 60 சதவீதம். எனக்குக் குற்ற உணர்வு பத்துக்கு எட்டு." வெள்ளிக்கிழமை இரவு, உண்மையில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள். முன்கூட்டி எழுதிவைப்பது முக்கியம். இல்லாவிட்டால், ஒன்றும் நடக்காதபோது "இந்த வாரம் ஏதோ தப்பித்தோம்" என்று மனது சொல்லிவிடும். மகன் நிஜமாகவே மிச்சம் வைத்தால் அதையும் எழுதுங்கள். ஒரு நாள் பாதி டப்பா திரும்பி வருவது தாங்கக்கூடியதுதானா என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்தான்.

அடுத்த வாரம் வங்கியில். உள் அலுவலக மின்னஞ்சலை ஒரு முறை படித்துவிட்டு அனுப்புங்கள். வாடிக்கையாளருக்கும் வட்டார அலுவலகத்துக்கும் போவது இரண்டு முறை. மூன்றாம் வாரம் ஃபிரிட்ஜ். மாதம் ஒரு முறைதான் கழுவுவது. ஒரே வாரத்தில் மூன்றையும் சேர்த்துச் செய்தால் எது எதனால் வந்தது என்று தெரியாது, பதற்றமும் தாங்காது. பரிசோதனையைக் கெடுக்கும் ஒரு பழக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் குறைத்ததை ஈடுகட்ட, துணி மடிப்பதில் கூட்டிவிடுவது. இப்படி மிச்சமாகும் நேரம் தூக்கத்துக்கோ நாற்காலிக்கோதான் போக வேண்டும்.

இதுவரை சொன்னது உங்கள் பக்கம். ஆனால் எல்லாவற்றையும் மனப் பழக்கம் என்று சொல்லி முடித்துவிட்டால் உங்களுக்கு அநியாயம் செய்ததாகும். 2019-ல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். வங்கி வேலைக்கு மேல் கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வீட்டு வேலையைச் சுமப்பவரிடம் போய் "மனதை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது ஆலோசனையே இல்லை. சுமையை இறக்க வேண்டும். அதை வீட்டில் உள்ள மற்ற மூவரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"உதவி செய்யுங்கள்" என்று கேட்டால் காரியம் நடக்காது. உதவி என்றால் பொறுப்பு உங்களிடமே இருக்கும். என்ன சமைப்பது, சாமான் இருக்கிறதா, யார் எப்போது செய்வது என்று ஞாபகம் வைத்திருப்பதும் உங்கள் தலையில்தான் இருக்கும். வேலையை வேரோடு கொடுங்கள். ஞாயிறு மாலை எல்லோரும் நிதானமாக இருக்கும் நேரம் பார்த்து, குற்றம் சொல்லாமல், கணவரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள்: "என்னங்க, செவ்வாய், வியாழன், சனி ராத்திரிச் சாப்பாடு இனிமே உங்க பொறுப்பு. என்ன செய்யறது, சாமான் இருக்கா, எல்லாமே நீங்கதான் பாத்துக்கணும். கடையில மாவு வாங்கித் தோசை ஊத்தினாலும் சரி, பரோட்டா வாங்கிட்டு வந்தாலும் சரி, நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். கேஸ் புக் பண்றது, கரண்ட் பில்லு, பால் கணக்கு, இதும் உங்களோடது." மகளும் மகனும் அவரவர் சீருடையை இஸ்திரி போட்டுக்கொள்ளலாம், காய்ந்த துணியை மடிக்கலாம். மகளுக்குப் பொதுத்தேர்வு என்பதால் அவளுக்கு இருபது நிமிட வேலை போதும். தேர்வு என்று சொல்லி முழு விடுதலை கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால், படிப்பு இருந்தால் வேறு எதையும் தொட வேண்டாம் என்று அவளும் கற்றுக்கொள்வாள்.

இதற்கப்புறம் உங்கள் பங்கு வாயை மூடிக்கொள்வது. உப்புக் குறைந்திருக்கும், பாத்திரம் சரியாகக் கழுவியிருக்காது, எட்டரை மணிச் சாப்பாடு ஒன்பதரைக்கு வரும். எழுந்துபோய்த் திருத்தினால் இரண்டே வாரத்தில் எல்லா வேலையும் உங்களிடம் திரும்பி வந்துவிடும், "உனக்குப் பிடிக்கிற மாதிரி எங்களுக்குச் செய்ய வராது" என்ற நியாயத்தோடு. மூன்று வாரத்துக்கு விமர்சனம் இல்லை, ஞாபகப்படுத்தல் இல்லை. ஒரு வியாழக்கிழமை அவர் மறந்தே போனால் எல்லோரும் பழத்தையும் பிரெட்டையும் சாப்பிட்டுப் படுங்கள். அடுத்த வியாழன் மறக்கமாட்டார். கணவர் முகம் சுளித்தாலோ முடியாது என்றாலோ, அன்றே சண்டைக்குப் போகாமல் நாட்களைக் குறைத்துப் பேசுங்கள். மூன்று வேண்டாம், ஒன்றில் தொடங்குவோம் என்று சொல்லலாம். ஒன்றும் இல்லை என்பதை மட்டும் ஏற்காதீர்கள்.

கிளையின் வாட்ஸ்அப் குழுவை இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை ஊமையாக்குங்கள். அவசரம் என்றால் போன் செய்யும்படி மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். ஜெர்மனியின் உளவியலாளர் சபீன் சொனென்டாக் 2007-ல் சார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து, வேலைக் களைப்பிலிருந்து மீள உதவும் அனுபவங்களை நான்காகப் பிரித்தார். வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்வு, பிடித்த ஒன்றைக் கற்றுத் தேறுவது, ஓய்வு நேரம் தன் கையில் இருப்பது. ஆக, சோபாவில் படுத்தபடி குழுச் செய்தி பார்ப்பது ஓய்வுக் கணக்கில் சேராது. மனம் விலகவே இல்லையே. மூன்றாவது அம்சத்தில் உங்களுக்குத் தனி எச்சரிக்கை: தையலோ பாட்டோ எடுத்தால் சான்றிதழ், போட்டி, இன்ஸ்டாகிராம் எதுவும் வேண்டாம். மதிப்பெண் இல்லாத ஒரு விஷயத்தைச் சுமாராகச் செய்து பழகுவது உங்களுக்கு மருந்து.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமை உங்களுக்கு விடுமுறை. மாதத்தில் அதில் ஒன்றில், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். அப்போது தோன்றுவதைச் செய்யலாம், காவிரிக் கரைக்குப் போகலாம், தூங்கலாம். வீட்டு வேலை, படிப்பு, பிள்ளைகளின் பாடம் மூன்றும் மட்டும் கிடையாது. முதல் மாதம் அந்த மூன்று மணி நேரம் பிடிக்காமல்தான் போகும்.

யோகாவை மறுபடி எடுக்க விரும்பினால் எடுங்கள், ஆனால் தினமும் வரச் சொல்லிக் கணக்கு வைக்கும் செயலியோ, 21 நாள் சவாலோ வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்கு அவை கேடுதான் என்று உறுதியாகச் சொல்வேன். விட்டுப்போன நாளைப் பெரிதாக்கிக் காட்டுவதே அவற்றின் வேலை. உங்கள் மனதுக்கு அந்த வேலை ஏற்கெனவே நன்றாகத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் செய்தால் முழுமை. ஏழும் செய்தால் கூடுதல் மதிப்பு இல்லை. விட்டுப்போன நாளை அடுத்த நாள் இரட்டிப்பாக்கி ஈடுகட்டக் கூடாது. மேலே சொன்ன உட்காரும் பயிற்சிக்கும் இதே விதிதான்.

இதெல்லாம் பழக்கத்துக்கான வழி. உடம்பில் காரணம் இருந்தால் இது போதாது. பிபி, சுகர் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் உட்கார முடியாத பரபரப்பும் படபடப்பும் வரும், அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ஹீமோகுளோபின், பி12 அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் மாதவிலக்கு முன்பின்னாக மாறத் தொடங்கியிருந்தால், தூக்கக் கெடுதலுக்கும் படபடப்புக்கும் அதுவும் பங்களிக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்ததிலும் நாட்டமில்லாமல் போனால், துடைக்காவிட்டால் கெட்டது நடந்துவிடும் என்ற எண்ணம் விடாமல் திரும்பத் திரும்ப வந்தால், தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டாம், மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றைக்கே பேசிவிட வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கடைசியாக ஸ்கேல் த்ரீ. போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. லட்சியம் உள்ள ஒரு பெண்ணுக்கு "போதும், வீட்டைப் பார்" என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு, அதில் நான் சேரவில்லை. நாலரை மணி நேரம் தூங்கும் மூளையோடு இந்த முடிவை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தூக்கம் ஏழு மணி நேரத்துக்கு வந்து இரண்டு வாரம் ஆகட்டும். அதற்குள் விருப்பம் தெரிவிக்கக் கடைசித் தேதி வந்துவிட்டால், இந்த ஆண்டை விட்டால் அடுத்து எப்போது வாய்ப்பு என்பதைப் பணியாளர் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு சுற்று தள்ளிப்போட முடிந்தால் தள்ளுங்கள்.

உட்கார்ந்து யோசிக்கும்போது "நான் வெற்றி பெற்றவளாவேனா" என்ற கேள்வியை எடுக்க வேண்டாம். அந்த வேலையின் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையை மணிக்கணக்காக எழுதுங்கள். எந்த ஊராக இருக்கலாம், வாரத்தில் எத்தனை இரவு வீட்டில் இருப்பீர்கள், மகள் பதினொன்றாம் வகுப்பை எங்கே படிப்பாள், கடன் இலக்கும் ஆட்களை நிர்வகிப்பதும் உங்களுக்குப் பிடித்த வேலைதானா, சம்பளத்தில் கையில் கூடும் தொகை எவ்வளவு, அதில் இரண்டாவது வீட்டு வாடகைக்கும் பயணத்துக்கும் எவ்வளவு போகும். கணவரையும் தனியாக இதேபோல் எழுதச் சொல்லி, இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். யாருக்கும் தெரியாமல், வாழ்த்துச் சொல்ல ஒருவரும் இல்லாமல் இந்தப் பதவி கிடைத்தாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுக்கு வேண்டும் என்றால், தயங்காமல் விருப்பம் தெரிவியுங்கள்.